நாலு மணிக்கு எழுந்தால் கதை வந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். அதிகாலை நாலு மணிக்கு எழுந்துவிட வேண்டுமாம். அறைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமாம். தினமும் ஐந்நூறு வார்த்தை எழுதாமல் நாற்காலியை விட்டு எழக் கூடாதாம். வீட்டு வேலை குறுக்கே வந்தால் 'முடியாது' என்று சொல்லப் பழக வேண்டுமாம். நேரமில்லை என்பதெல்லாம் சாக்கு என்று முடித்திருந்தார். படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. அவர் நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் பத்திரிகைக்காரர்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதுகிறவர் தலையில் இறக்கிவிட்டாரே என்றுதான் தோன்றியது.

நான் கோவில்பட்டியில் அஞ்சலக ஆர்.டி. ஏஜென்ட். ஆர்.டி. என்றால் மாதாமாதம் பணம் கட்டிச் சேர்க்கிற சேமிப்புக் கணக்கு. சிறுகதையும் எழுதுகிறேன். சிலது அச்சில் வந்திருக்கிறது. புத்தகம் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மகள் கல்லூரியில், மகன் பிளஸ் டூ, மாமியார் எங்களோடுதான்.

என் எழுத்து வாழ்க்கையின் நாட்காட்டி அஞ்சலகத்தின் கையில் இருக்கிறது. மாத முதல் பாதியில் கணக்குத் தொடங்கியவர்கள் 15-ந் தேதிக்குள்ளும், பின்பாதியில் தொடங்கியவர்கள் மாதக் கடைசிக்குள்ளும் பணம் கட்டியாக வேண்டும். தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். நூறு, இருநூறு கட்டுகிற தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்கு அந்த ஒரு ரூபாய் பெரிய மானப் பிரச்சினை. அதனால் 10-ந் தேதியிலிருந்தே தெருத் தெருவாக நடை தொடங்கிவிடும். சம்பளம் சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் நான் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனால் பணம் வேறு எங்காவது போயிருக்கும். வசூலித்ததை ராத்திரி உட்கார்ந்து லிஸ்ட் போட வேண்டும். கணக்கு எண் ஒன்று தப்பினாலும் பணம் அடுத்தவர் கணக்கில் ஏறிவிடும். வசூலித்துக் கட்டுவதில் எனக்கு நூற்றுக்கு நாலு ரூபாய் கமிஷன். இந்த வேலைக்கு நடுவில் 16-ந் தேதி காலையிலிருந்து ஏழெட்டு நாள் எனக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். என் கதைகள் எல்லாமே அந்த நாட்களில் பிறந்தவைதான். அதிகாலையில் இல்லை. பத்து மணிக்கு மேல், வீட்டில் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, மாமியார் கண் அசந்த நேரத்தில்.

நாலு மணிக்கு எழுவது பற்றி எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. குழாயில் தண்ணீர் வரும் முறையன்று நான் அந்த நேரத்தில்தான் எழுகிறேன். குடமும் டிரம்முமாக நிரப்பி முடிக்கும்போது பால்காரர் மணி அடித்துவிடுவார். கதவைச் சாத்தச் சொல்கிறார்களே, எங்கள் வீட்டில் சாத்தித் தாழ் போடுகிற மாதிரி கதவு வாசலில் ஒன்று, குளியலறையில் ஒன்று. அவ்வளவுதான்.

குளியலறை என்றதும் கவிஞர் சல்மா நினைவுக்கு வருகிறார். துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல் ராத்திரி குளியலறைக்குள் நின்று கவிதை எழுதி, தாளை ஒளித்து வைத்து, வேறு பெயரில் வெளியே அனுப்பியதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அதை ஒரு வீரக் கதையாக மேடையில் சொல்லிக் கைதட்டுகிறோம். எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம்தான் வரும். அங்கே நின்று எழுதியவர் எழுதிவிட்டார், சரி. அதே மாதிரி நின்று எழுத முடியாமல் போன எத்தனையோ பேரை 'உனக்கு உறுதி போதவில்லை' என்று சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறதே அந்தக் கைதட்டல்.

ஊரடங்கு சமயத்தில் எழுத்தாளர்கள் நிறைய எழுதினார்கள் என்று படித்தேன். எங்கள் வீட்டில் அஞ்சு பேருக்கு மூணு வேளைச் சமையல், நடுவில் இரண்டு தடவை காபி. வசூலும் கிடையாது, கமிஷனும் கிடையாது. பட்டறை பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் கை சும்மா இருக்க முடியாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்துப் போட்டார். அந்த மாதங்களில் ஒரு வரி எழுதவில்லை. நேரம் மட்டும் இருந்தால் போதாது என்று தெரிந்துகொண்டது அப்போதுதான். மனசில் பணக் கவலை ஓடிக்கொண்டிருந்தால் கையில் இருக்கிற நேரத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

அதற்கடுத்து ஒரு மழைக்காலத்தில் மாமியார் புழக்கடையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன், ஆஸ்பத்திரி, வீட்டில் கட்டில், பெட்பேன். அப்போது தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருத்தியைப் பற்றிய கதை பாதியில் நின்றிருந்தது. அந்தக் கதையில் ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். மருமகள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஏதாவது முணுமுணுப்பாள், அதற்கு மேல் அவளுக்கு வேலை கிடையாது. ரொம்ப நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது அந்தக் கிழவியை அப்படியே விட முடியவில்லை. ஒரு வயசான உடம்பைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கும்போது அந்த உடம்பு எவ்வளவு வெட்கப்படும் என்று எனக்கு இப்போது தெரியும். உதவி செய்கிறவளைத் திட்டினால்தான் அந்த வெட்கம் கொஞ்சம் தணியும் என்பதும் தெரியும். கதையே கிழவி பக்கம் சாய்ந்துவிட்டது. தினமும் ஐந்நூறு வார்த்தை எழுதி அதைச் சீக்கிரமாக முடித்திருந்தால் கிழவி இன்னும் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பாள். கஷ்டப்பட்டால்தான் நல்ல கதை வரும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பேச்சும் எனக்குப் பிடிக்காது. எழுதாத மாதங்களைக் குற்றம் மாதிரி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

வேலை எழுத்தைத் தின்னும் என்பது பாதி உண்மை. ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவின் கதைகளை எழுதினார். கடையை விட்டு எங்கேயாவது மலைமேல் போய் உட்கார்ந்திருந்தால் அந்தச் சுமட்டுக்காரர்களும் சில்லறை வியாபாரிகளும் அவர் கதைக்குள் வந்திருப்பார்களா? எங்கள் பக்கத்து ஊர் இடைசெவல் எழுத்தாளர் கி.ரா., அதாவது கி. ராஜநாராயணன், விவசாயம் பார்த்தவர். முதல் கதை அச்சேறும்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எனக்கும் கதை வருவது ஆர்.டி. நடையில்தான். வீட்டுக்குத் தெரியாமல் கணக்கு வைத்துக்கொண்டு பாஸ்புக்கை என்னிடமே விட்டு வைக்கும் பெண்கள் உண்டு. பாதியில் கணக்கை முடித்துப் பணத்தை எடுக்கும்போது எதற்காக என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் அப்படியே எழுதினால் அடுத்த மாதம் நான் அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. வைக்கவும் கூடாது. எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்: அஞ்சு வருஷம். அவர்கள் கணக்கு முதிர்கிற காலம்தான் என் கதைக்கும். அதற்குள் ஆள், தெரு, சாதி, தொகை எல்லாம் எனக்கே அடையாளம் தெரியாமல் கலங்கிப் போயிருக்கும். அப்படியும் எழுதத் தோன்றினால் எழுதுவேன்.

இன்னொன்று. உங்கள் பத்திரிகை உட்பட எந்தப் பத்திரிகையில் பெண் எழுத்தாளர் பேட்டி வந்தாலும் 'வீட்டையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?' என்ற கேள்வி தவறாமல் இருக்கும். ஆண் எழுத்தாளரிடம் ஒருமுறையாவது இதைக் கேளுங்களேன். பதில் சுவாரசியமாக இருக்கும். சிலர் நேர்மையாகச் சொல்வார்கள். அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவாராம். எழுத்தாளர்கள் அதை அவருடைய எளிமைக்கு அடையாளமாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டதும் தோன்றியது வேறு. கோவில்பட்டியில் நான் ஒரு பூங்கா பெஞ்சில் நோட்டை விரித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்தால், முதல் அரை மணிக்குள் என் வீட்டுக்காரர் பட்டறைக்குச் செய்தி போய்விடும்.

வை.மு. கோதைநாயகியைப் பாருங்கள். நூற்றுப் பதினைந்து நாவல் எழுதினார், 1925-லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். ஆரம்பத்தில் அவருக்குச் சரளமாக எழுதவே வராது. அவர் சொல்லச் சொல்ல பட்டம்மாள் என்ற தோழி எழுதிக்கொடுத்தார். புகுந்த வீடு தடுக்கவில்லை, கணவர் கூட நின்றார். இதில் தனிமை எங்கே இருக்கிறது, சாத்திய கதவு எங்கே இருக்கிறது? ஒருவர் எழுத நாலு பேர் தோள் கொடுத்திருக்கிறார்கள். பட்டம்மாள் பெயர் தெரிந்திருப்பதே நம் அதிர்ஷ்டம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் என் எழுத்துக்கு மரியாதை எப்போது வந்தது தெரியுமா? முதல் கதை வந்தபோது இல்லை. அந்த இதழை வீட்டுக்காரர் புரட்டிப் பார்த்து, படம் நன்றாக இருக்கிறது என்றார். மாமியார், "நம்ம தெருவை எழுதலயே தாயி?" என்று கேட்டார், அவ்வளவுதான். பரிசு ஒன்று கிடைத்தது. சால்வையும் கேடயமும். கேடயத்தை டிவி மேல் வைத்தோம். அப்புறம் ஒரு சிற்றிதழ் ஒரு கதைக்கு ஐந்நூறு ரூபாய் வங்கியில் போட்டுவிட்டு, 'தங்கள் கதைக்கான சன்மானம்' என்று இரண்டு வரி எழுதியிருந்தார்கள். வீட்டுக்காரர் வரவு செலவு நோட்டு எழுதுகிறவர். பட்டறை வரவு, கமிஷன் வரவு இரண்டுக்கும் கீழே, 'கதை – 500' என்று எழுதினார். எழுதிவிட்டு, "இது ஒண்ணுக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று தொழில்காரர் மாதிரி கேட்டார். நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நஷ்டம்தான். ஆனா வேலைதான்" என்றார்.

அந்த ஐந்நூறு ரூபாய்க்கு அந்த மாதம் கேஸ் சிலிண்டர்கூட வராது. ஆனால் அடுத்த வாரம் யாரோ என்னைத் தேடி வந்தபோது, மாமியார் கட்டிலில் படுத்தபடியே, "அவ வேலை பாக்கா, பொறவு வாங்க" என்று சொல்லி அனுப்பியதை நான் காதால் கேட்டேன். அதுவரைக்கும் 'சும்மா என்னமோ எழுதிக்கிட்டு இருக்கா' என்பதுதான் அவர் வழக்கம். இப்போது 14-ந் தேதி ராத்திரியும் மாதக் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரியும் வீட்டுக்காரர்தான் தோசை சுடுகிறார். நான் லிஸ்ட் போட, மகள் கணக்கு எண்ணை வாசிக்கிறாள். லிஸ்ட் சீக்கிரம் முடிந்தால்தான் நான் சீக்கிரம் கதைக்குத் திரும்ப முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். இதைத் தியாகம், ஊக்கம் என்றெல்லாம் நான் பெரிதாக்க மாட்டேன். அவர் இன்றுவரை என் கதை ஒன்றையும் முழுசாகப் படித்ததில்லை. படிக்கச் சொல்லி நானும் கேட்டதில்லை. நான் காயில் கட்டுவதை உட்கார்ந்து பார்ப்பதில்லையே.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வேறொரு இதழுக்கு, பெயர் வேண்டாம், ஒரு கதை அனுப்பினேன். 'பரிசீலனையில் இருக்கும்போது வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது' என்பது அவர்கள் நிபந்தனை. நியாயம்தான். ஆனால் பரிசீலனை எப்போது முடியும் என்று நிபந்தனையில் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மின்னஞ்சல் அனுப்பினால் பதில் கிடையாது. பிறகு ஒருநாள் சாத்தூரில் இருந்து ஒரு தோழி போன் செய்து, "உன் கதை வந்திருக்கே, சொல்லவே இல்லையே" என்கிறாள். எனக்கே தெரியாது. இதழும் அனுப்பவில்லை. கடைக்குப் போய் விலை கொடுத்து வாங்கினேன். சன்மானம் பற்றிக் கேட்டதற்கு, அறிமுக எழுத்தாளர்களுக்கு வாய்ப்புத் தருவதே தங்கள் சேவை என்று பதில் வந்தது. பதில் வந்ததே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன், அப்புறம்தான் படித்தேன்.

அன்றைக்கு வீட்டுக்காரர் நோட்டில் 'இதழ் வாங்கியது' என்று செலவுப் பக்கத்தில் ஏறியது. இதை வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் வீட்டில் என் நிலைமை எவ்வளவு சரிந்தது என்பது எனக்குத்தான் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகன் மட்டும், "அம்மா, நீ ஓசிக்கா எழுதுற?" என்றான். எழுதுகிறவருக்கும் குடும்பத்துக்கும் நடுவே சண்டை மூட்டுவது பெரும்பாலும் குடும்பம் இல்லை. காத்திருக்க வைப்பதும், பதில் சொல்லாததும், காசு கேட்டால் கேவலமாகப் பார்ப்பதும்தான். ஒரு கதை எடுபடாது என்று பத்து நாளில் சொல்லிவிட்டால் நான் அடுத்த வேலையைப் பார்ப்பேன். பதினாலு மாதம் அது என் தலைக்குள் உட்கார்ந்திருந்தால், சாம்பார் தாளிக்கும்போதும் அது அங்கேதான் இருக்கும்.

எழுத்தாளனின் வறுமையை அழகாகப் பேசுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. புதுமைப்பித்தன் பிழைப்புக்காகப் பத்திரிகை பத்திரிகையாக மாறி, சினிமாவுக்குப் போய், காசநோயோடு 1948-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக இருக்கின்றன. அவற்றைப் பிரியத்தின் சாட்சி என்று பலரும் எடுத்துக்காட்டுவார்கள். நான் படிக்கும்போது கையில் குழந்தையோடு இந்தப் பக்கம் கடிதத்துக்குக் காத்திருந்தவர் மேல்தான் என் கவனம் போனது. அந்த மனைவி கமலா விருத்தாசலமும் சிறுகதை எழுதியவர். அவருடைய பேட்டியில் யாராவது 'எப்படிச் சமாளித்தீர்கள்' என்று கேட்டிருந்தால் அது அர்த்தமுள்ள கேள்வியாக இருந்திருக்கும்.

ராஜம் கிருஷ்ணன் கணவருக்கு மின்துறையில் வேலை. மாற்றலாகிப் போன இடமெல்லாம் அவருக்குக் கதைக் களமானது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளோடு பழகி எழுதினார். நீலகிரி படகர்களைப் பற்றி எழுதினார். 1973-இல் சாகித்திய அகாதமி விருது. இவ்வளவும் செய்தவர், கணவர் போன பிறகு ஆதரவில்லாமல் முதியோர் இல்லத்துக்குப் போக நேர்ந்தது. 2014-இல் இறந்தார். அவர் உயிரோடு இருந்தபோதே அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிப் பணம் கொடுத்தது. கொடுத்தது நல்லது. இப்போது விருது பெற்ற எழுத்தாளர்களுக்குக் கனவு இல்லம் திட்டத்தில் வீடு தருகிறார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் அந்த விருது வருவதற்குள் பிள்ளைகள் படித்து முடித்துக் கல்யாணமாகிப் போயிருப்பார்கள். முப்பத்தைந்து, நாற்பது வயதில், வீட்டில் எல்லாச் செலவும் ஒன்றாக நெருக்கும்போது எழுதுகிறவருக்கு ஒரு ஐந்நூறு, ஆயிரம் சரியான தேதியில் வருவதுதான் பெரிய விஷயம். நாங்கள் எல்லாரும் கடைசியில் நம்பி இருப்பது வீட்டைத்தான். அதனிடம் போய் 'முடியாது' என்று சொல்லிப் பழகச் சொல்கிறீர்களே.

எனவே உங்கள் அறிவுரைக் கட்டுரையின் அடுத்த பகுதியை ஆசிரியர்களுக்கு எழுதச் சொல்லுங்கள். கதை வந்து சேர்ந்தது என்று அன்றைக்கே ஒரு வரி. இரண்டு மாதத்துக்குள் ஆமா, இல்லையா என்று ஒரு வரி. காரணம் சொல்ல வேண்டாம். பிரசுரமானால் ஒரு பிரதி. சன்மானம் எவ்வளவு என்று இதழிலேயே வெளிப்படையாக அச்சடித்துவிடுங்கள், நூறு ரூபாய் என்றாலும் பரவாயில்லை, கொடுக்க முடியாது என்றால் அதையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். தெரிந்தே அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும். இலக்கியக் கூட்டங்களை ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடிக்கிற வழக்கத்தையும் யாராவது மாற்றினால் புண்ணியம். கடைசிப் பேருந்தைப் பிடிக்க நடுவில் எழுந்து போகிற பெண்களை மேடையில் இருப்பவர்கள் முறைத்துப் பார்க்கிறார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. இன்றைக்கு 19-ந் தேதி, அதனால் நீண்டுவிட்டது. 11-ந் தேதியாக இருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன். இடம் பார்த்துச் சுருக்கிக்கொள்ளுங்கள். மாமியார் பற்றிய பத்தியை வேண்டுமானால் எடுத்துவிடலாம், அவருக்கும் அதுதான் பிடிக்கும். பதில் அனுப்புவது பற்றியும் காசு பற்றியும் சொன்ன இடங்களை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம். பெயர் போட வேண்டாம். என்னிடம் ஆர்.டி. கட்டுகிறவர்களில் நிறையப் பேர் உங்கள் வாசகர்கள். வாசகர் கடிதத்துக்குச் சன்மானம் கிடையாது என்று தெரியும், அதனால் வங்கி விவரம் இணைக்கவில்லை.

இப்படிக்கு,
அஞ்சலக சேமிப்பு முகவர்,
கோவில்பட்டி.